லைனில் கோபம் வந்தால்: சூப்பர்வைசர்களும் மேனேஜர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். செக்கிங் டேபிளில் ஆரம்பித்து, லைன் சூப்பர்வைசர் ஆகி, ஃப்ளோர் இன்சார்ஜ் ஆகி, இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களும், அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கி நடத்தும் இளம் முதலாளிகளும் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் மெஷினைப் பற்றியோ பீஸ் ரேட்டைப் பற்றியோ இல்லை, கோபத்தைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் தையல் லைனிலிருந்து வரும், ஆனால் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் யாருக்கும் இது புரியும்.

கோபமே வராமல் ஒரு லைனை நடத்த முடியாதா?

முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டிய சரக்கில், வியாழக்கிழமை மத்தியானம் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியும் பாடித் துணியும் நிறம் (ஷேட்) சேரவில்லை என்று தெரியவந்தால் யாருக்கும் கோபம் வரும். வரவில்லை என்றால் அந்தச் சரக்கின் மேல் அக்கறை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். நடக்கக் கூடாத ஒன்று நடந்திருக்கிறது என்று உடம்பு சொல்வதுதான் கோபம். நான் பேசப்போவது அதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தைப் பற்றி.

நான் கத்தினால்தான் வேலை நடக்கிறது. கத்தாவிட்டால் யாரும் அசைவதில்லையே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நானும் பல வருடம் இப்படியே நம்பினேன், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றுக்கு நாங்கள் செய்ததற்கு அது வந்தே தீர வேண்டிய உத்தரவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாதங்களில் துணி சாயத்துக்காக எங்கெங்கோ வெளியூருக்குப் போய் வந்தது, எல்லா ஆர்டரும் பின்தங்கியது, கப்பலில் போக வேண்டிய சரக்கை ஏர்ல அனுப்பினால் மொத்த லாபமும் அதிலேயே போய்விடும் என்று மேலிருந்து ஒரு நாளைக்குப் பத்து போன். நான் காலையிலிருந்து ராத்திரி வரை கத்திக்கொண்டே இருந்தேன். லைனும் ஓடியது. கத்தியதால்தான் ஓடியது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு ஆர்டரில் வாஷ்கேர் லேபிள், அதாவது என்ன துணி, எப்படித் துவைப்பது என்று சொல்லும் லேபிள், மாறிப்போனது. துணியில் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் கலந்திருந்தது, லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று இருந்தது. செக்கிங்கில் இருந்த ஒரு பெண் முதல் பண்டலிலேயே அதைப் பார்த்துவிட்டார், பார்த்தும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் அவர் ஏதோ ஒரு சந்தேகம் கேட்க வந்தபோது, என்ன ஏது என்று கேட்காமலே எல்லார் முன்னாலும் அவரை விரட்டியிருந்தேன். 6,200 பீஸ் பேக் ஆன பிறகு பையரின், அதாவது சரக்கை வாங்கும் கம்பெனியின், ஆள் வந்து கண்டுபிடித்தார். பெட்டிகளைப் பிரித்து, லேபிளை அறுத்து, புதிது வைத்துத் தைத்து, திரும்ப அயர்ன் பண்ணி மூன்று ராத்திரி வேலை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அதையும் கத்தித்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து டேபிளிலிருந்த ஒரு அக்காதான் பதில் சொன்னார்: "சொன்னாலும் திட்டுவீங்க, சொல்லலைன்னாலும் திட்டுவீங்க. சொல்லாம இருந்தா அந்தத் திட்டு ரெண்டு நாள் தள்ளி விழும், அவ்வளவுதானுங்க."

அந்த அக்கா சொன்னதில் எல்லாம் இருக்கிறது. கத்தினால் கைகள் வேகமாக ஓடும், கால் மணி நேரம் உங்கள் கண்ணுக்கு அது தெரியும். வாய்கள் மூடிக்கொள்வது தெரியாது. தப்பான பீஸ் டேபிளுக்கு அடியில் போகும், நடுவே ஒளியும், அடுத்த பண்டலோடு கலந்துவிடும். சின்னதாக இருக்கும்போது ஐந்து ரூபாய்க்கு முடிகிற தப்பு, உங்கள் காதுக்கு வரும்போது ஐந்து லட்சம் ஆகியிருக்கும். தலைவருக்குக் கோபத்தால் வரும் பெரிய நஷ்டம் கெட்ட பெயரோ ரத்த அழுத்தமோ இல்லை, தகவல் நின்றுபோவதுதான்.

இதைத் தையல் லைனுக்கு வெளியிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தப்பு செய்ததால் அல்ல, தப்பைத் தயங்காமல் வெளியே சொன்னதால். பயந்த வார்டுகளில் எண்ணிக்கை அழகாக இருந்தது. பயந்த லைனிலும் ரிப்போர்ட் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் கத்திய அடுத்த நாள் புரொடக்‌ஷன் ஏறுகிறதே, கண்ணால் பார்க்கிறேனே?

ஏறும், கத்தாமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் ஏறியிருக்கும். டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுத்தபோது ஒரு பயிற்சியாளர் இதையே சொன்னாராம்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான். கானமன் பார்த்தது வேறு. ரொம்ப மோசமான ஒன்றுக்கு அடுத்தது எப்படியும் வழக்கமான நிலைக்குப் பக்கத்தில்தான் வரும், ரொம்ப நன்றாக வந்ததற்கு அடுத்ததும் அப்படியே. நம் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 900 பீஸ் வரும் லைனில் ஒரு நாள் கரண்ட் பிரச்சினை, இரண்டு பேர் லீவு, ஒரு பேட்லாக் மெஷின் மக்கர் என்று எல்லாம் சேர்ந்து 600 வந்தது. நீங்கள் கத்தினீர்கள், மறுநாள் 870. லீவு போட்டவர்கள் வந்துவிட்டார்கள், மெக்கானிக் மெஷினைச் சரி செய்துவிட்டார், ஆனால் பெயர் உங்கள் தொண்டைக்குப் போகிறது. கத்துவதற்குக் கூலி இப்படி உடனுக்குடன் கிடைத்துவிடுவதால்தான் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். கத்திய நாள், கத்தாத மோசமான நாள், இரண்டுக்கும் மறுநாள் எத்தனை பீஸ் என்று.

கோபம் தலைக்கேறும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில் கையிலிருக்கும் பீஸைக் கீழே வையுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, பீஸைத் தூக்கி முகத்தில் வீசிய சூப்பர்வைசர்களைப் பார்த்திருக்கிறேன், வீசிய பிறகு அதை யாராலும் திரும்ப எடுக்க முடிந்ததில்லை.

அட்ரினலின் ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், கண்ணுக்கு அந்த ஒரு ஆள் மட்டும்தான் தெரிவார். அந்த நிலையில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது. அதனால் முடிவைத் தள்ளிப் போடுங்கள், உடம்பை இறக்குங்கள். மூச்சை மெதுவாக விடுவது எளிதாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது. 154 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2024-இல் வந்த ஒரு கட்டுரை, மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா மாதிரி உடம்பின் வேகத்தைக் குறைக்கும் எதுவும் கோபத்தைக் குறைக்கிறது என்றது. ஓட்டம் மாதிரி வேகத்தைக் கூட்டுவது குறைக்கவில்லை, ஓட்டம் கொஞ்சம் கூட்டவே செய்தது. கோபத்தில் ஃப்ளோர் முழுக்கத் தடதடவென்று நடந்து சுற்றினால் இன்னும் நாலு பேரிடம் கத்திவிட்டுத்தான் வருவீர்கள், அது ஏன் என்று எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் குடிக்கப் போங்கள், உட்கார்ந்து குடியுங்கள்.

அப்புறம், வாயால் சொல்லிவிடுங்கள். "எனக்கு இப்ப கோபம் வருது. பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன், அந்தப் பண்டலை மட்டும் தனியா எடுத்து வைங்க." உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே மூளையில் அதன் வேகம் குறைகிறது என்று 2007-இல் கலிஃபோர்னியாவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், லைனில் இருப்பவர்களுக்கு நிலைமை தெரிந்துவிடுகிறது. இவர் கோபமாக இருக்கிறார், பத்து நிமிடம் கழித்துப் பேசுவார், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். சொன்ன மாதிரியே பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பேச வேண்டும், அதை மறந்துவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கட்டிங்கில் ஒருவர் இரும்புக் கையுறை போடாமல் பேண்ட் நைஃப் என்ற துணி வெட்டும் மெஷின் பக்கம் கையை நீட்டினால் பத்து நிமிடமெல்லாம் இல்லை, அடி வயிற்றிலிருந்து "நிறுத்து!" என்று கத்துங்கள். அது எச்சரிக்கை. கை வெளியே வந்த பிறகும் தொடர்ந்து கத்துவதுதான் கோபம்.

கொட்டித் தீர்த்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்கிறார்களே?

இல்லை, இன்னும் கனக்கும். பிராட் புஷ்மன் என்பவர் 2002-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. 600 மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதை மட்டமாக விமர்சித்து வேண்டுமென்றே கோபப்படுத்தினார்கள். ஒரு பகுதியினர் திட்டியவரை மனதில் நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்கு, குறைவாக இருந்தது சும்மா உட்கார்ந்தவர்களுக்கு.

டீ கடையில் நின்று ஒரு ஆளைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவதும் அந்தப் பையைக் குத்துவது மாதிரிதான். மனதுக்கு நெருக்கமான ஒருவரிடம், "நடந்தது இது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பது வேறு, அதைச் செய்யுங்கள்.

அப்படியானால் அடக்கி உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா?

அதுவும் இல்லை. கத்துவதை விட்ட பிறகு நான் விழுந்த அடுத்த குழி அதுதான். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நடந்தேன். லைன் இன்னும் பயந்தது. கத்துகிற மனிதரிடம் எப்போது இடி விழும் என்று ஓரளவுக்குத் தெரியும், பேசாமல் முறைப்பவரிடம் அதுவும் தெரியாது. உணர்ச்சியை மறைக்கச் சொல்லி ஒருவரைப் பேசவிட்டால் எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று 2003-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது, எதிரே இருப்பவருக்கு அவர் மறைக்கிறார் என்பதே தெரியாதபோதும்.

கத்துவதும் அடக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகம், இரண்டிலும் விஷயம் பேசப்படாமலே போகிறது. "கழுத்து ரிப் கட்டிங்கை நான் பார்க்காம ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், ஏத்திட்டீங்க. எனக்கு இது கோபமா இருக்கு" என்று சாதாரணக் குரலில் சொல்ல முடியும். முதல் சில தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை.

தப்பு செய்தவரிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது?

"யார் பண்ணுனது?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஃப்ளோரிலும் உண்மையான பதில் வந்ததில்லை. கட்டிங் தையலைக் காட்டும், தையல் செக்கிங்கைக் காட்டும், செக்கிங் துணியைக் காட்டும், துணி டையிங்குக்குப் போய்விடும், டையிங் ஊருக்கு வெளியே இருக்கிறது. "எந்த இடத்துல மாறுச்சு?" என்று கேளுங்கள். இதற்கு நாலு பேர் சேர்ந்து பதில் தேடுவார்கள்.

லேபிள் விஷயத்தில் பின்னால் நிதானமாகக் கேட்டபோது என்ன தெரிந்தது தெரியுமா? இரண்டு ஆர்டரின் லேபிள் ரோலும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், ஒரே நிறத்தில் இருந்தது. ஸ்டோரில் இருந்த பையனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவன் அன்றைக்கு மாற்றிக் கொடுக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொருவர் கொடுத்திருப்பார். நான் திட்ட வேண்டிய ஆள் யாராவது இருந்தால் அது அந்த அலமாரியை அப்படி வைக்க விட்ட நான்தான். அந்த வாரமே தட்டைப் பிரித்தோம், ஒவ்வொரு ஆர்டருக்கும் வேறு நிற டேப் ஒட்டினோம், முதல் பீஸில் எல்லா லேபிளும் வைத்து நானும் செக்கிங்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதி ஓடும் என்று ஆக்கினோம். மூன்று ராத்திரி வேலையின் கோபம் முழுக்க அந்த அலமாரிக்குப் போனது. கோபத்தை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துவது என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்து அது இவ்வளவுதான்: ஆளின் மேல் விழ இருந்ததை வேலை நடக்கும் முறையின் மேல் திருப்பிவிடுவது, அதுவும் சூடு ஆறுவதற்குள்.

டொயோட்டா ஆலைகளில் லைனுக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், ஆண்டன் கயிறு என்பார்கள், இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் பட்டன். எந்தத் தொழிலாளிக்குச் சந்தேகம் வந்தாலும் இழுக்கலாம், டீம் லீடர் உடனே வந்து என்ன பிரச்சினை என்று பார்ப்பார், கொஞ்ச நேரத்துக்குள் தீரவில்லை என்றால் லைனே நிற்கும். கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவரிடம் ஓடி வருகிறவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, முதல் தடவை இழுத்தவர் திட்டு வாங்கினால் அப்புறம் அந்தக் கயிறு துணி காயப்போடத்தான் ஆகும்.

எல்லார் முன்னாலும் சொன்னால்தானே மற்றவர்களுக்கும் புத்தி வரும்?

தப்பை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், ஆளைத் தனியாகக் கூப்பிடுங்கள். காலையில் லைன் ஆரம்பிக்கும் முன் மாறிப்போன பீஸைத் தூக்கிக் காட்டி "இதுதான் நேத்து நடந்தது, இப்படிப் பார்த்தா உடனே எடுத்து வைங்க" என்றால் போதும். யாருடையது என்று அவர்களுக்கே தெரியும்.

வாட்ஸ்அப் குரூப்பில் கோபமாக எழுதிவிடுகிறேன். அது பரவாயில்லையா, நேரில் கத்தவில்லையே?

நேரில் கத்துவதைவிட மோசம். கத்தியது காற்றோடு போகும், எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாகி ஊரைச் சுற்றும், அடுத்த கம்பெனி வரை போகும். ராத்திரி பதினொரு மணிக்கு எழுதுவது அதிலும் மோசம்.

1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் அரசுப் படையின் ஜெனரல் மீட் ஜெயித்தார், ஆனால் தோற்று ஓடிய எதிர்த்தரப்புத் தளபதி லீயின் படையைத் துரத்திப் பிடிக்காமல் ஆற்றைக் கடந்து தப்பிக்க விட்டுவிட்டார். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போரை அங்கேயே முடித்திருக்கலாம் என்று மீடுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். எழுதி, உறையில் போட்டு, "அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை" என்று மேலே குறித்து வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு அது அவருடைய காகிதங்களோடு கிடைத்தது. நானும் எழுதுகிறேன், குரூப்பில் இல்லை, எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் சாட்டில். காலையில் படித்தால் அதில் ஒரு வரி உண்மையிலேயே சொல்ல வேண்டியதாக இருக்கும். அந்த ஒரு வரியை நேரில் போய்ச் சொல்வேன்.

கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. இங்கே எல்லாரும் பேசுவதுதானே?

எல்லாரும் பேசுவதில்லை, மேலே இருப்பவர்தான் பேசுகிறார், கீழே இருப்பவர் கேட்டுக்கொள்கிறார். திரும்பப் பேச முடியாதவரிடம் பேசுவது வீரம் இல்லை. இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது, ஒரு தடவை என்றாலும் தப்புதான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் பாலியல் அர்த்தத்தில் பேசும் பேச்சு 2013 சட்டத்தின்படி பாலியல் துன்புறுத்தல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் விசாரிக்கும் குழு இருந்தே ஆக வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆலை விதிப்படி நடக்கிறதா என்று பையர்கள் பார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆடிட்டிலும் வாய் வன்முறை தனித் தலைப்பு. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் ஒரு இளம் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி 2022-இல் கொண்டு வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தில், 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று அவர்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். டார்கெட்டுக்காகப் பெண்களைத் திட்டுவது அந்த ஒப்பந்தத்தில் 'வேலை வாங்குவது' என்று கணக்கில் வரவில்லை, துன்புறுத்தல் என்றே வந்தது. எல்லா ஆலையிலும் அப்படி ஆக வேண்டும் என்று விரும்புகிறேன்.

பீகார், ஒடிசா பசங்களிடம் பேச்சே புரியவில்லை, கோபம் சீக்கிரம் வருகிறது.

அவர்களுக்கு உங்கள் வார்த்தை புரியாது, முகமும் குரலும் மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் கோபமாகச் சொல்லும் எந்தத் திருத்தமும் அவர்களிடம் வெறும் கோபமாகவே நின்றுவிடும், என்ன தப்பு என்பது போகவே போகாது. சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் காட்டுங்கள். நாலு ஹிந்தி வார்த்தை கற்றுக்கொள்வது உங்கள் வேலையின் ஒரு பகுதி.

முதலாளி என் மேல் கத்துகிறார். அதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

கீழே இறக்கி வைக்காதீர்கள், அதுதான் முதல் பதில். பையர், ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரிடம், அவர் முதலாளியிடம், முதலாளி உங்களிடம், நீங்கள் சூப்பர்வைசரிடம், அவர் டைலரிடம், டைலர் கைமடிக்கும் பெண்ணிடம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம். இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர் கையை நீட்டி நிறுத்த வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம்.

முதலாளியிடம் அந்த நேரத்தில் வாதம் வேண்டாம். அடுத்த நாள் காலை, கணக்கோடு போங்கள். "நேத்து நீங்க சொன்னது சரிங்க, லேட்தான். துணி வந்தது 14-ஆம் தேதி, வர வேண்டியது 8-ஆம் தேதி. அடுத்த ஆர்டருக்குத் துணி தேதியை நாம முன்னாலயே உறுதி பண்ணிக்கலாமுங்க." அவர் கத்தியது அநியாயம் என்றால் அதையும் தனியாகச் சொல்லலாம்: "லைன் முன்னாடி என்னைத் திட்டுனா நாளைக்கு லைன் என் பேச்சைக் கேக்காதுங்க." இதைச் சொன்னபோது என் முதலாளி பதில் பேசவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டுத்தான் திட்டினார்.

பெண் சூப்பர்வைசர் கோபப்பட்டால் மட்டும் வேறு பெயர் வைக்கிறார்களே?

வைக்கிறார்கள், நியாயமே இல்லை. ஆண் கோபப்பட்டால் 'ஸ்ட்ரிக்ட்', பெண் கோபப்பட்டால் 'அந்தம்மாவுக்கு வீட்டுல ஏதோ பிரச்சினை'. 2008-இல் பிரெஸ்கால், ஊல்மன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வும் இதையே காட்டியது: வேலையிடத்தில் கோபப்பட்ட ஆணுக்கு மதிப்பு கூடியது, பெண்ணுக்குக் குறைந்தது, ஆணின் கோபத்துக்கு வெளியே காரணம் தேடினார்கள், பெண்ணின் கோபத்துக்கு அவர் குணத்தையே காரணம் சொன்னார்கள். என்ன காரணத்தால் கோபம் என்று பெண் சொல்லிவிட்டபோது அந்த இறக்கம் குறைந்தது. அதனால் எங்கள் பெண் சூப்பர்வைசர்களிடம், காரணத்தை முதல் வாக்கியமாக வைக்கச் சொல்கிறேன். ஆனால் திருந்த வேண்டியது அவர்கள் இல்லை. பக்கத்திலிருக்கும் ஆண் இன்சார்ஜ் அப்படிப் பேசும்போது "அவங்க சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்க வேண்டியது உங்களையும் என்னையும் மாதிரி ஆட்கள்.

அதே ஆள் திரும்பத் திரும்ப அதே தப்பு. இன்னும் எத்தனை தடவை பொறுமை?

பொறுமை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. தெரியாமல் செய்கிறாரா, முடியாமல் செய்கிறாரா, அக்கறை இல்லாமல் செய்கிறாரா என்று பிரியுங்கள். தெரியவில்லை என்றால் கற்றுக் கொடுங்கள். முடியவில்லை என்றால் இடம் மாற்றுங்கள், கண் பார்வை குறைந்துவிட்ட ஒரு நல்ல ஓவர்லாக் டைலரை எத்தனை திட்டினாலும் கண் தெரியாது. இரண்டும் இல்லை என்றால் எழுத்தில் எச்சரிக்கை, அப்புறம் விலக்குவது. விலக்கும் நாளிலும் குரல் உயர வேண்டியதில்லை, சனிக்கிழமை சம்பளத்தைக் கணக்குப் பார்த்து முழுசாகக் கொடுத்து அனுப்புங்கள்.

கோபத்தால் ஏதாவது நல்லது நடந்திருக்கிறதா?

நம் தொழிலிலேயே இருக்கிறது. 1911 மார்ச் 25, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிழைக்க நாடுவிட்டு நாடு வந்த இளம் பெண்கள். வெளியே போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. மாடியிலிருந்து அவர்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸ். அந்தக் கோபத்தை அவர் இருபது வருடத்துக்கு மேல் விடவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார், சட்டமன்ற உறுப்பினர்களை ஆலைகளுக்கே கூட்டிப் போய்க் காட்டினார், நியூயார்க்கில் தீப் பாதுகாப்புக்கும் வேலை நேரத்துக்கும் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார், அந்த நாட்டு அமைச்சரவையில் முதல் பெண். நம் ஃப்ளோரில் எமர்ஜென்ஸி எக்ஸிட் முன்னால் பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை நான் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை. பெட்டியை நகர்த்தும் வரை அங்கேயே நிற்பேன்.

கத்திவிட்டேன். இப்போது என்ன செய்வது?

அன்றைக்கே, ஷிஃப்ட் முடிவதற்குள் மன்னிப்புக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கத்தியிருந்தால் எல்லார் முன்னாலும். "காலையில நான் பேசுனது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள், "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாவது திட்டு. லேபிள் விஷயத்தில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்து நாள் ஆனது. அதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வீட்டைக் கண்டுபிடித்துப் போய்க் கேட்டேன், "பரவாயில்லைங்கண்ணா" என்றார், டீ கொடுத்தார், திரும்ப வேலைக்கு வரவில்லை.

வீட்டிலும் இதேதான். உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். மாரடைப்பு வந்த 1,623 பேரிடம் கேட்டு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் போனது தெரிந்தது. வீட்டில் கை நீள்கிறது என்றாலோ, குடித்தால்தான் கோபம் அடங்குகிறது என்றாலோ, தூக்கமே போய்விட்டது என்றாலோ இந்தப் பதில்கள் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாறுகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை தடவை கத்தினீர்கள் என்று எண்ணாதீர்கள், அதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். எத்தனை தப்பு உங்களிடம் தானாக வந்து சொல்லப்பட்டது என்று எண்ணுங்கள். நீங்கள் கண்டுபிடித்தது ஒரு பக்கம், அவர்களாக வந்து சொன்னது இன்னொரு பக்கம், ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதுங்கள். நான் ஆரம்பித்தபோது நாலு வாரம் இரண்டாவது பக்கம் காலியாக இருந்தது. ஐந்தாவது வாரம் ஒன்று, ஊசி முறிந்ததை ஒரு டைலர் முறிந்த துண்டோடு கொண்டு வந்து காட்டினார். நன்றி என்று சொல்லி அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன், அடுத்த வாரம் ஆறு வந்தது.

அந்த எண்ணிக்கை அதிகமாக ஆரம்பித்ததும் முதலாளி பயப்படுவார், நம் லைனில் திடீரென்று இவ்வளவு தப்பா என்று. இவை முன்னாலும் இருந்தவைதான், அப்போது பேக்கிங்குக்கு அப்புறம் பையரிடம் போய் மாட்டிக்கொண்டிருந்தன என்று சொல்லி, நோட்டின் இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள்.